கீறல் போடாத கார்டு

முதல்ல என்னை ஏமாத்துனது என் தங்கச்சி புருஷன்தாம்மா, நீங்க இல்ல. அதனால மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. பாக்கெட்டப் பிரிச்சுப் பாக்கணும், இங்கயே கேமராவுல போட்டு எடுத்துப் பாக்கணும்னு நான் சொன்னது உங்க கடையக் கொற சொல்றதுக்கு இல்ல. எங்க அப்பா கடையா இருந்தாலும் இப்படித்தான் சொல்லுவேன். எங்க அப்பாவுக்குக் கடை கெடையாது, அது வேற விஷயம்.

பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டீங்களா? எடுக்க வேணாம். நல்லா இருந்தா வாங்கிட்டுப் போறேன். கெட்டதா இருந்தாலும் காசக் குடுத்துட்டுப் போறேன். ஆனா ஆமாங்க, இது கெட்ட கார்டுதான்னு உங்க வாயால ஒரு தரம் சொல்லணும். அவ்வளவுதான் நான் கேக்குறது.

அது வேணாம்மா, அந்தப் பெருசு. நூத்தி இருபத்தெட்டா? எனக்கு எதுக்கு அது? இத்தன வருஷம் எடுத்ததையெல்லாம் மறுபடி எடுத்தாக்கூட அது ரொம்பாது. பதினாறு இருக்கா? பதினாறு ஜிபி, ரெண்டு. யாரும் வாங்கறது இல்லன்னா பரவால்ல, உள்ள பாருங்க, எங்கயாவது தூசி புடிச்சுக் கெடக்கும். பெரிய கார்டுல நெறையா நெறையாப் போட்டு வச்சா, போனா மொத்தமாப் போயிடும். சின்னது போனா கை போகும், உசுரு நிக்கும்.

ம், இதுதான். இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். வட்டத்துக்குள்ள பத்துன்னு போட்டிருக்கான், எழுதற வேகம், அது சரி. வீடியோவுக்கு அது வேணும். எழுத்து அழியல. பின்னாடி தகடு பளிச்சுனு இருக்கு. ஓரத்துல, படம் அழியாமப் பூட்டுற இந்தக் குட்டித் தாப்பா நகருதான்னு பாத்துக்கணும், சிலதுல ஒட்ட வச்சிருப்பான். பாக்க நல்லாத்தான் இருக்கு. அவன் குடுத்ததும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு.

அந்த ஸ்டூல இப்படி இழுத்துப் போட்டுக்கட்டுமா? இந்தச் சுவத்துக் கடிகாரம் சரியான மணி காட்டுதா? அஞ்சு அஞ்சு. சரி. நீங்க உங்க வேலையப் பாருங்க, யாராவது வந்தா நான் நகந்துக்கறேன். நான் பாட்டுக்கு இந்தக் கடிகாரத்தப் படம் புடிச்சுக்கிட்டு இருப்பேன். கார்டு நெறையுற வரைக்கும்.

சிரிக்கிறீங்க பாருங்க. சிரிங்க. எனக்கு இது நாப்பது வருஷத் தொழில்மா. ஆறாங்கிளாஸ் தாண்டல, ஆனா ஸ்டுடியோ வச்சிருந்தேன். ஃபிலிம் ரோல் போயி இந்தக் கார்டு வந்தப்ப எல்லாரும் ஆஹா ஓஹோன்னான். எனக்கு நம்பிக்கை இல்ல. ஃபிலிம் ரோல வெளிச்சத்துல புடிச்சா உள்ள ஆளு தெரியும். இதுல என்ன தெரியும், கறுப்பா ஒரு பிஸ்கட்டு. அதனால நானா ஒரு பழக்கம் வச்சேன். எந்தக் கார்டு வாங்கினாலும், ஒரு நாள் உக்காந்து சுவத்தப் படம் எடுப்பேன். சுவத்துல ஒரு கடிகாரம். முதல் படத்துல ஒரு நேரம், கடைசிப் படத்துல வேற நேரம். கார்டு முழுசும் நெறஞ்சப்புறம் கடைசிப் படத்தத் தெறந்து பாப்பேன். முள்ளு தெளிவா விழுந்திருந்தா, ஒரு ஊசி எடுத்து கார்டு முதுகுல ஒரு கீறல். கீறல் போட்ட கார்டுதான் கல்யாணத்துக்குப் போகும். கீறல் போடாதது வீட்டு வாசல் தாண்டாது. என் கூட வேலை பாத்தவங்க எனக்குச் சுவத்துமாமான்னே பேரு வச்சாங்க. வைக்கட்டுமே.

கேக்குதா? டக்கு டக்குனு விழுது. பழைய கேமரா, மெதுவாத்தான் எழுதும். அரை மணி ஆகும்.

அவசரமா? அவசரம்தான். எதிர்த்தாப்புல ஆஸ்பத்திரி, மூணாவது மாடி. ஆறு மணிக்குள்ள போகணும், அதுக்கப்புறம் யாரையும் உள்ள விட மாட்டாங்க. ரோட்டத் தாண்டுனா ஆச்சு. நேரம் கெடக்கு.

யாரா? அவன்தான். தங்கச்சி புருஷன். இதோ சொல்றேன், கார்டு நெறையற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கேன்.

அவனும் இதே மாதிரி கடைதான் வச்சிருந்தான். இதவிடக் கொஞ்சம் அகலம். கேமரா, பேட்டரி, கார்டு, ரேடியோ, எல்லாம். எனக்கு என்ன வேணும்னாலும் அவன் கடைதான். ஒரு தடவகூட பில்லு கேட்டதில்ல. தங்கச்சியக் குடுத்த எடத்துல பில்லா கேப்பாங்க? ஒரு கல்யாண ஆர்டரு. பெருசு. அதுக்கு முந்தின நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அப்ப முப்பத்திரெண்டு ஜிபி புதுசு. இந்தாங்க மச்சான், இது ஒண்ணு போதும், நடுவுல கார்டு மாத்தற வேலையே இல்லன்னு கையில வச்சான். நான் வாங்கி, சரி மாப்ளே, போயி சுவத்துல வச்சுப் பாத்துடுறேன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவன் சிரிச்சான். சிரிச்சுட்டு என் தங்கச்சியப் பாத்தான். உங்க அண்ணனப் பாத்தியா, நம்ம வீட்டுக் கார்டையும் சுவத்துல ஒட்டப் போறாராம். என்ன மச்சான், என்னையும் சந்தேகப்படுறீங்களான்னான். தங்கச்சி காப்பி டம்ளர நீட்டிக்கிட்டு நிக்குறா. அவ மொகம் சுருங்கிப் போச்சு. எனக்கு வெக்கமாப் போச்சும்மா. என்னதான் இருந்தாலும் தங்கச்சி வீடு. சேச்சே, பழக்க தோஷத்துல சொல்லிட்டேன் மாப்ளே, உங்க கார்டுக்கு எதுக்கு சுவருன்னு சொல்லி சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

என் தொழில்ல நான் கீறல் போடாம எடுத்துட்டுப் போன கார்டு அது ஒண்ணுதான். இந்தா பாருங்க. இந்த டப்பா ஃபிலிம் ரோல் வர்ற டப்பா. பதினோரு வருஷமா இதுக்குள்ளயே கெடக்கு. எடுத்துப் பாருங்க, முதுகத் திருப்புங்க. வழுவழுன்னு இருக்கா? அதான்.

போலிக் கார்டும்மா. உங்களுக்குத் தெரியாததா. உள்ள எட்டுதான் இருக்கும், மேல முப்பத்திரெண்டுன்னு அச்சடிச்சிருப்பான். கேமராகிட்டயும் முப்பத்திரெண்டுன்னே பொய் சொல்லும். எட்டு வரைக்கும் ஒழுங்கா வாங்கிக்கும். அதுக்கப்புறம் வாங்கிக்கிற மாதிரி நடிக்கும். எண்ணு ஏறும், பேரு வரும், எல்லாம் வரும். படம் மட்டும் இருக்காது.

ஏதோ ஒண்ணு ரெண்டு படம் போச்சுன்னா பரவால்ல. எட்டு ஜிபி எதுல போச்சு தெரியுமா? பந்தல், பூ, நாற்காலி, வந்த காருங்க, சாப்பாட்டு எடத்துல வடை கடிக்கிற சித்தப்பா. அதெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கு. தாலி கட்டுனதுலேர்ந்து ஒண்ணுமில்ல. சாம்பல் கலர்ல கட்டம். பொண்ணோட அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு நாள் லீவு கேட்டு வந்திருந்தாரும்மா. கையில ஊசி குத்துன பிளாஸ்திரியோட. பொண்ணு பக்கத்துல நிக்க வச்சு எட்டு படம் எடுத்தேன். நாற்காலி போடவான்னேன், வேணாம், நின்னே எடுக்கறேன்னாரு. பதினோரு நாள் கழிச்சுப் போயிட்டாரு.

அந்தப் பொண்ணு ஸ்டுடியோவுக்கு வந்துச்சு. அது வீட்டு ஆளுங்க வந்து கத்துனாங்க, கண்ணாடிய ஒடச்சாங்க, அதெல்லாம் நான் வாங்கிக்கிட்டேன். இந்தப் பொண்ணு கத்தல. அங்கிள், அப்பா சிரிச்சாரா? நான் முன்னாடி பாத்துக்கிட்டு இருந்தேன், அவரப் பாக்கல. நீங்க பாத்தீங்கல்ல, சிரிச்சாரான்னு கேட்டுச்சு. சிரிச்சாரும்மான்னேன். எனக்கு ஞாபகம் இல்லம்மா, நெஜமாச் சொல்றேன். நான் வெளிச்சம் பாத்தேன், கால் வெட்டாம வருதான்னு பாத்தேன். மொகத்த கார்டு பாத்துக்கும்னு விட்டுட்டேன்.

ம். எவ்வளவு ஆச்சு. நானூத்திச் சொச்சம். இன்னும் கொஞ்சம் இருக்கு.

இல்லம்மா, அதுகூட அவன் மேல கோவம் இல்ல. கடைக்காரன் அவனும் ஏமாந்திருக்கலாம். எவனோ பெட்டி பெட்டியாக் கொண்டாந்து எறக்கியிருப்பான். அத நான் அப்பவே யோசிச்சேன். மாப்ள ஏமாந்துட்டாரு, அவ்வளவுதான். அவரு ஒரு வார்த்த அந்த ஆளுங்ககிட்ட வந்து, கார்டு நான் குடுத்ததுங்க, இவரு மேல தப்பில்லன்னு சொன்னாப் போதும்னு கார்ட எடுத்துட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். கூடத்துல எல்லாரும் இருக்காங்க. தங்கச்சி, அவன் அம்மா, ரெண்டு பொண்ணுங்க. மேசை மேல வச்சேன்.

அவன் எடுத்தான். இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். இது என் கடைக் கார்டே இல்லயே மச்சான்னான்.

எனக்குக் காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல. என்ன மாப்ளே சொல்றீங்கன்னேன். நம்ம கடையில இந்த மாதிரி சரக்கே வைக்கறதில்ல மச்சான், எங்கயாவது ரோட்டோரத்துல வாங்கிட்டு மறந்திருப்பீங்க, வயசாகுதுல்லன்னான். எனக்கு அப்ப அம்பத்தி மூணு. என் தங்கச்சி கையால காப்பி வாங்கிக் குடிச்சுக்கிட்டே வாங்குன கார்டும்மா. அவளப் பாத்தேன். நீயே சொல்லுன்னு பாத்தேன். அவ தரையப் பாத்தா. அண்ணே, நீங்க நாலு எடத்துல வாங்குவீங்க, அவர எதுக்கு இதுல இழுக்குறீங்கன்னா.

அதோட எந்திரிச்சவன்தான். பதினோரு வருஷம் அந்த வாசல மிதிக்கல. ஸ்டுடியோவுக்கு ஆளு வரல, மூடிட்டேன். ஒரு ஜெராக்ஸ் கடையில உக்காந்து அடையாள அட்டைக்கு மொகம் புடிச்சுக்கிட்டு இருந்தேன், நீலத்துணி கட்டி. எனக்கு யாரு என்ன பண்ணாலும் மறக்காதும்மா. எட்டு வயசுல என் பம்பரத்த எடுத்தவன் பேரு, அவன் போட்டிருந்த டவுசர் கலரு, எல்லாம் இருக்கு. கார்டு செய்யற கம்பெனிக்காரன் என் மண்டையப் பாத்துட்டுப் போயி செய்யணும். ஒண்ணும் அழியாது.

எனக்கு வரவேண்டியது காசு இல்ல. அவன் காசு குடுத்தா மூஞ்சியில விட்டெறிவேன். ஒரு வார்த்த. அந்தக் கார்டு நான் குடுத்ததுதான். அத என் தங்கச்சி காதால கேக்கணும்.

தோ, நின்னுடுச்சு. நெறஞ்சுடுச்சு. வாங்க, நீங்களும் பாருங்க. கடைசிப் படம். அஞ்சு முப்பத்தி நாலு. நொடி முள்ளு கூட விழுந்திருக்கு பாத்தீங்களா? நல்ல கார்டு. உங்க கடையச் சொல்லக்கூடாது. ஒரு பின்னு இருந்தாக் குடுங்களேன். ம். கீறியாச்சு.

எதுக்கு இப்பப் போயி வீடியோவா? அதச் சொல்லலல்ல. முந்தாநாள் தங்கச்சி போன் பண்ணா. பதினோரு வருஷம் கழிச்சு. அண்ணேன்னு அழறா. அவருக்குத் தொண்டையில கட்டி. நாளைக்குக் காலையில ஆபரேஷன். குரல்பெட்டியவே எடுத்துடுறாங்களாம். உசுருக்கு பயமில்ல, ஆனா பேச்சு இனிமே வராது. பேரப்புள்ளைக்கு அவரு குரல் வேணும், பேச வச்சு எடுத்துக் குடுங்கண்ணே, வேற யாரையும் எனக்கு நம்பிக்க இல்லங்கறா. பாருங்க கதைய. அன்னிக்கு என்ன நம்பாதவ இன்னிக்கு நம்புறா.

போனேன். ஏன் போவமாட்டேன்? இன்னிக்கு மூணு மணிக்கு. எங்கிட்ட மிச்சம் இருந்தது கீறல் போட்ட எட்டு ஜிபி ஒண்ணுதான். படுக்கையில நிமிந்து உக்காந்திருந்தாரு. அவரு... அவன். பாதி ஆளா ஆயிட்டான். குரல் ஏற்கெனவே தகரத்த உரசுற மாதிரி. கேமராவ வச்சேன், பேசுங்கன்னேன். பேசினான். பொண்ணுங்களுக்கு, பேரனுக்கு ஒரு பாட்டு, கடையப் பத்தி, முதல் ரேடியோ வித்தது, எல்லாம். என் பக்கம் திரும்பவே இல்ல. நானும் கண்ண லென்ஸ்லயே வச்சிருந்தேன். நாலே முக்கா தாண்டியிருக்கும். தங்கச்சி மருந்துச் சீட்ட எடுத்துட்டுக் கீழ போனா. அவ போயிட்டாளான்னு கதவப் பாத்தான். அப்புறம் நேரா என்னப் பாத்தான்.

மச்சான், அப்படின்னான்.

பதினோரு வருஷத்துல முதல் தடவ. அதே நேரத்துல கேமராவுல செகப்பு லைட்டு அணஞ்சுது. கார்டு ஃபுல்லு.

இருங்க மாப்ளே, சொல்லாதீங்க, அப்படின்னேன். கை காட்டி நிறுத்துனேன். ஒரு கார்டு வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன், அதுவரைக்கும் வாயத் தெறக்காதீங்கன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன்.

ஐயோன்னு ஏன் தலையில கை வைக்கிறீங்க? கேட்டுட்டு வந்திருக்கலாமேன்னா? கேட்டு? தங்கச்சி அங்க இல்லயே. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு, நாளைக்குத் தலையாட்டி இல்லன்னா நான் யாருகிட்டப் போயிச் சொல்றது? போன்லயா? இந்தா, என் போனு. பட்டன் போனு, அதுல டார்ச்சு மட்டுந்தான் எரியும். எழுதிக் காட்டலாம்தான். அவன் எழுதறது கோழி கிண்டுன மாதிரி இருக்கும், எனக்கு அச்செழுத்தே எழுத்துக்கூட்டித்தான். இல்லம்மா, வாயால வரணும். பொய் வாயாலதானே வந்துச்சு.

கெளம்பவா? இருங்க, இன்னொண்ணு இருக்கே. ரெண்டு கேட்டேன்ல. இதையும் ஒரு தரம் பாத்துடறேன்.

தெரியும்மா. அஞ்சு முப்பத்தெட்டு. தெரியுது, கடிகாரத்தத்தானே படம் எடுத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணு போதுமா? எப்படிப் போதும். அவன் பாட்டுக்குப் பாட ஆரம்பிச்சான்னா? நடுவுல நின்னு போச்சுன்னா? ஒரு தரம் கீறல் போடாமப் போயி நான் பட்டது போதாதா.

தோ, இதையும் உள்ள போட்டாச்சு. 

இருங்க, போனு. தங்கச்சி. ஆங், சொல்லும்மா. கடையிலதான். கார்டு பாத்துக்கிட்டிருக்கேன். யாரு, அவரா? என்ன கேக்குறாரு? மச்சான் வந்தாச்சான்னா? ம். வேற ஒண்ணும் சொல்லலயா? சரி. இல்ல, நீ எதுவும் கேக்காத அவர்கிட்ட. தொண்டைக்கு வலிக்கும். வந்துட்டே இருக்கேன். வச்சுடு.

ஆமாம்மா, ரெண்டு தடவ கேட்டுட்டாராம். இருக்கட்டும். முந்நூறு ஆயிடுச்சு.

நீங்க சின்னவங்க, உங்களுக்குச் சொன்னாப் புரியுமோ என்னமோ. மச்சான்னு ஆரம்பிச்சான். ஆரம்பிச்சது மட்டுந்தான் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் என்ன வரும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. மச்சான், தலகாணியக் கொஞ்சம் நிமித்தி வைங்கன்னு சொல்ல வந்திருந்தா? மச்சான், என் பொண்ணு கல்யாணத்துக்கு ஏன் வரலன்னு கேக்க வந்திருந்தா? கேப்பான், அவன் கேக்கற ஆளுதான். அப்ப நான் என்ன பண்ணட்டும்? இத்தன வருஷம் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சத அங்க வராந்தாவுல எறக்கி வச்சுட்டு வரவா?

இல்லம்மா, பையைத் தள்ளாதீங்க. நீங்களே கேமராவப் புடுங்குவீங்க போல இருக்கு. நல்ல பொண்ணு நீங்க. இன்னும் ஒரு நூறுதான்.

ம்.

ம்.

நின்னுடுச்சு. பாக்கலாம் வாங்க. ஏன், இதுக்கு மட்டும் வர மாட்டீங்களா? சரி, நானே சொல்றேன். ஆறு நாலு. பெரிய முள்ளு, சின்ன முள்ளு, எல்லாம் சுத்தமா இருக்கு. இதுவும் நல்ல கார்டுதான். பின்னு இங்கதான வச்சேன். இந்தா. இதுக்கும் ஒரு கீறல்.

இனிமே என்னம்மா அவசரம். ஆஸ்பத்திரி கேட்டுல சங்கிலி போட்டிருப்பான். நிதானமா பில்லு போடுங்க. கட்டாயம் போடுங்க, பில்லு இல்லாம நான் வாங்கறதில்ல. தேதி வரும்ல? மணியும் வருமா? வரட்டும், அதுவும் வரட்டும்.

அந்தப் போலியையும் சேத்து மூணு கார்டையும் இந்த டப்பாலயே போட்டுக்கறேன். இடம் பத்தும். நாளைக்கு மத்தியானம் போயிப் பாப்பேன், பாக்காம என்ன, தங்கச்சி புருஷன். பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காருவேன். அவரால சொல்ல முடியாது, நானும் கேக்க மாட்டேன். ஆனா ஒண்ணும்மா, சொல்ல வந்தாரு. நீங்க சாட்சி. சொல்ல வந்தாரு, இன்னும் சொல்லல.